ஏழைகளின் கணக்குப்பிள்ளை ஜே. சி. குமரப்பா

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், பழவேற்காடு



ஆண்டு மலர் என்றாலே காந்தியடிகள், காமராசர், பாரதியார் என்று பெரியவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். அவர்களைப் பற்றி எழுத நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு கணக்குப்பிள்ளையை!

எங்க பழவேற்காட்டுப் பக்கம் கணக்குப்பிள்ளை என்றால், யாவாரியோட நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு வருகிறவர். அவரைப் பார்த்தாலே பெரியவங்களுக்கெல்லாம் முகம் சுருங்கிப் போகும். ஏனென்றால் அந்த நோட்டில் இருப்பதெல்லாம் நாம கொடுக்க வேண்டிய பாக்கி. நமக்கு வரவேண்டியது என்று அதில் ஒரு வரி கூட இருக்காது. ஆனால் நான் சொல்லப்போகும் கணக்குப்பிள்ளை அந்த நோட்டைத் திருப்பி வைத்து எழுதியவர். ஏழைக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று கூட்டிக் காட்டியவர். ஆங்கில சாம்ராஜ்யத்திடமே கணக்குக் கேட்டவர். அதற்காகச் சிறைக்கும் போனவர். அவர்தான் தஞ்சை மண் தந்த தமிழர், இயேசுவை உயிராக நேசித்த கிறிஸ்தவர், காந்தியப் பொருளாதார மேதை ஜே. சி. குமரப்பா.

கோட்டும் சூட்டும் போட்ட கொர்னேலியஸ்

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தவர். அம்மா எஸ்தர் பக்தியும் இரக்கமும் உள்ளவர். வீட்டில் வறுமை இல்லை. படிப்புக்குப் பஞ்சம் இல்லை. நம்மில் பல பேருக்கு வீட்டில் முதல் பட்டயம் நாமதான். அவருக்கு அப்படி இல்லை. அண்ணன் தம்பி எல்லாருமே பெரிய படிப்புப் படித்தவங்க.

இளம் வயதிலேயே லண்டன் மாநகருக்குப் போய்க் கணக்குத் தணிக்கைப் படிப்பில் தேறினார். 1919இல் தாயகம் திரும்பி, பம்பாயில் ஆடிட்டர் தொழில் செய்தார். நல்ல வருமானம். நடை, உடை, பாவனை எல்லாமே வெள்ளைக்காரன் மாதிரிதான். கடைசி வரை இப்படியே இருந்திருந்தால் அவர் ஒரு பணக்கார ஆடிட்டராகச் செத்திருப்பார். நாமும் இன்றைக்கு அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

1927இல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் வாங்கினார். பிறகு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தார். அந்தச் சமயத்தில் ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், அரசாங்கத்தின் வரவு செலவுக்கும் இந்திய வறுமைக்கும் உள்ள தொடர்பையே ஆராய்ச்சி செய்யச் சொன்னார்.

அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. ஆங்கில அரசாங்கத்தின் கணக்குப் புத்தகங்களை ஒரு ஆடிட்டரின் கண்ணோடு புரட்டினார். யாரிடமிருந்து வரி வசூலாகிறது, அது யாருக்குச் செலவாகிறது என்று பார்த்தார். வரி கட்டுகிறவன் ஏழைக் குடியானவன். செலவு போவதோ பட்டாளத்துக்கும், பெரிய அதிகாரிகளின் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும், கடனுக்கான வட்டிக்கும். வறுமை என்பது தலைவிதி இல்லை, கடவுள் போட்ட சாபமும் இல்லை, மனிதன் எழுதிய கணக்கு என்று அவருக்குத் தெரிந்துபோனது. மனிதன் எழுதியது என்றால் மனிதன் திருத்தி எழுதலாம் அல்லவா!

பட்டு சூட்டும் சாணித் தரையும்

1929இல் இந்தியா திரும்பினார். அந்த ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போட வேண்டும், அதற்குக் காந்தியடிகளைப் பார்க்க வேண்டும் என்று மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். உடம்பில் பட்டு சூட், கையில் கைத்தடி. சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்விட்டார். மரத்தடியில், சாணி மெழுகிய தரையில், ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இவர் நின்றபடியே வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிழவர், நீங்கள்தானே குமரப்பா என்று விசாரித்தார். அப்போதுதான் இவருக்கு விஷயமே புரிந்தது. உடனே சூட்டோடு அப்படியே அந்தத் தரையில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு உட்கார்ந்தவர் பிறகு எழுந்து பழைய வாழ்க்கைக்குப் போகவே இல்லை. கதர் கட்டினார். கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டுக் குமரப்பா என்ற குடும்பத்தின் பழைய பெயரை வைத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய ஆராய்ச்சியைக் காந்தியடிகள் தம் யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வெளியிட்டார்.

காந்தியடிகள் அவருக்குக் கொடுத்த முதல் வேலையும் கணக்கு வேலைதான். குஜராத்தில் கேடா மாவட்டம் மாதர் தாலுகாவில் கிராமங்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்க வேண்டும். பாஷை தெரியாத ஊர். குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு 54 கிராமங்களில் வீடு வீடாக விசாரித்தார். என்ன விளையுது, என்ன தின்கிறாங்க, எவ்வளவு கடன், எவ்வளவு வரி என்று எல்லாம் எழுதினார். ஏழை வீட்டுக் கணக்கை ஒரு கம்பெனிக் கணக்கு மாதிரி மரியாதையோடு எழுதிய ஆடிட்டர் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

1931இல் காங்கிரஸ் ஒரு குழு போட்டது. இந்தியாவின் தலையில் இங்கிலாந்து ஏற்றி வைத்திருந்த கடனில் எது நியாயமாக நம்முடையது, எது அவர்களுடையது என்று பார்ப்பதற்கு. அந்தக் குழுவை நடத்தியவர்களில் குமரப்பா முக்கியமானவர். கடன் கொடுத்தவனிடமே போய், இது உண்மையிலேயே என் கடன்தானா என்று கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்! கடனில் பிறந்து கடனில் வளர்கிற குப்பத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அந்தத் தைரியத்தின் மதிப்பு நன்றாகவே தெரியும்.

பேராயரோடு வாதாடியவர்

1930இல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. நிராயுதபாணிகள் தடியடி பட்டார்கள். அப்போது குமரப்பா கிறிஸ்தவ ஊழியர்களுக்கும் மிஷனரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் எழுதினார். நாம் இயேசுவின் சமாதானத்தைப் பிரசங்கிக்கிறவர்கள், ஆகவே அடி வாங்குகிறவன் பக்கம் நாம் நிற்க வேண்டாமா என்பதே அதன் கருத்து. கல்கத்தாவில் இருந்த தலைமைப் பேராயர் வெஸ்ட்காட், சட்ட மறுப்பு என்பது கிறிஸ்துவின் போதனைக்குப் பொருந்தாது என்று பதில் கொடுத்தார். குமரப்பா விடவில்லை. மரியாதை குறையாமல், ஆனால் கொஞ்சமும் பணியாமல் மறுத்து எழுதினார்.

இதை வைத்து அவர் மதத்தை விட்டுவிட்டார் என்று நினைக்கக் கூடாது. அவர் கடைசி மூச்சு வரை கிறிஸ்தவர்தான். ஆனால் விசுவாசம் ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடிந்துவிடுவது என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல சமாரியன் கதை நம் எல்லாருக்கும் தெரியும். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவானவர் பார்த்தும் விலகிப் போனார், வேற்று ஜாதிக்காரன்தான் தூக்கினான். அப்படியென்றால் ஒரு தேசமே அடிபட்டுக் கிடக்கும்போது விலகிப் போகிற விசுவாசம் என்ன விசுவாசம்? குமரப்பாவின் வாழ்க்கை முழுவதும் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அந்தப் போராட்ட ஆண்டுகளில் யங் இந்தியா பத்திரிகையின் பொறுப்பை ஏற்று எழுதினார். ஒரு முறைக்கு மேல் சிறைக்குப் போனார்.

காந்திக்கும் ஒரே கணக்கு

1934 ஜனவரி 15இல் பீகாரில் பெரிய பூகம்பம். நாடு முழுவதும் இருந்து நிவாரண நிதி குவிந்தது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் வேலை நடந்தது. நிதிக்குக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவுக்கு. தொண்டர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவு என்று மிகக் குறைவாக அளவு போட்டுவிட்டார். பிறகு காந்தியடிகள் தம் ஆட்களோடு அங்கே வந்தபோது, அவர்களின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று குமரப்பா மறுத்துவிட்டதாக அவர் வரலாற்றில் சொல்வார்கள். குருவே ஆனாலும் பாதிக்கப்பட்டவன் பணத்தில் கை வைக்கக் கூடாது! காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். இப்படி ஒரு கணக்குப்பிள்ளை ஊருக்கு ஒருத்தர் இருந்தால் போதுமே!

அந்த ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. செயலாளர் குமரப்பா. தொழில்நுட்பம் படிக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். அவர் இயந்திரத்துக்கு எதிரி என்று சில பேர் சொல்வார்கள். அது சரியல்ல. செக்கு, காகிதம், சோப்பு, தேனீ வளர்ப்பு, கைக்குத்தல் அரிசி என்று ஒவ்வொன்றையும் வார்தாவில் சோதித்துப் பார்த்து மேம்படுத்தினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரிகிற மகன் தீபம் என்ற விளக்கைக் கூட அங்கே செய்தார்கள். ஒரு கருவி வந்தால் அதனால் யாருக்கு வேலை கிடைக்கிறது, யாருக்கு வேலை போகிறது என்று முதலில் கேட்டார், அவ்வளவுதான்.

கோகோ டப்பாவின் பின்னால் யார்?

குமரப்பா சொன்னதிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தது கோகோ டப்பா பற்றிய கருத்து. கடையில் ஒரு கோகோ டப்பா வாங்குகிறோம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கட்டாய வேலை வாங்கப்பட்ட மக்களின் கண்ணீரில் அந்தக் கொட்டை விளைந்திருந்தால்? அது வரும் கடல் வழியைப் பீரங்கிக் கப்பல் காவல் காத்திருந்தால்? அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளியின் வயிற்றில் அடித்திருந்தால்? டப்பாவுக்குக் காசு கொடுத்தவனும் அத்தனை பாவத்திலும் பங்காளி என்றார் குமரப்பா. எனக்குத் தெரியாது, நான் காசு கொடுத்து வாங்கினேன் என்று தப்பிக்க முடியாது. சந்தையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் விலை இருப்பது போல நியாயமும் அநியாயமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நீதி என்பது அரசாங்கத்தின் வேலை மட்டும் இல்லை, கோர்ட்டின் வேலை மட்டும் இல்லை. விற்கிறவன், வாங்குகிறவன், சாப்பிடுகிறவன் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

இதைப் படித்ததும் எனக்கு எங்க ஊர்தான் ஞாபகம் வந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்டிரியா கோட்டை கட்டினார்கள். துணி வியாபாரம் செய்தார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். அதே 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் சண்டையிலும் சிக்கிய நம் மக்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி, இங்கிருந்து பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பட்டாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. வாங்கியவர்களும் வேதம் படித்தவர்கள்தான். அவர்களின் கல்லறைகள் எழுத்தும் சித்திரமுமாக இன்றும் இருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். கப்பலேறிப் போனவர்களுக்கு ஒரு கல் கூட இல்லை. விசுவாசமும் நீதியும் தனித்தனியாகப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு எங்கேயும் சாட்சி தேட வேண்டாம்.

அது பழைய கதை என்று விட்டுவிடலாமா? ஏரியில் இறாலும் நண்டும் பிடிக்கிற எங்க ஜனங்க, வலைக்கும் படகுக்கும் யாவாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கினால் பிடித்ததை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. முகத்துவாரம் தூர்ந்து போகிற கோடையில் மீன்பாடு குறையும். கடன் மட்டும் குறையாது. அந்த இறால் சென்னைக்கும் போகும், வெளிநாட்டுக்கும் போகும். தட்டில் வைத்துச் சாப்பிடுகிறவருக்கு ராத்திரி முழுக்கத் தண்ணியில் நின்றவர் முகம் தெரியுமா? குமரப்பா சொன்ன கோகோ டப்பா எங்க ஊரில் ஐஸ் பெட்டியாக இருக்கிறது.

யாவாரியை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் அதுவும் நியாயம் ஆகாது. ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. பலசாலி மட்டும் அள்ளிக்கொண்டு போகாமல் பெரியவங்க ஏற்படுத்திய நல்ல வழக்கம் அது. ஆனால் பாட்டில் பங்கு இல்லாத குடும்பங்களும் இதே கரையில் இருக்கிறார்கள். வலை கூட இல்லாமல், பறியை வைத்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் ஜனங்களும் இருக்கிறார்கள். நமக்கு ஒரு பங்கு கேட்கும்போது அவர்கள் பங்கு எங்கே என்றும் கேட்க வேண்டும். எல்லாரும் பங்காளி என்றால் அதற்கு நாமும் விலக்கு இல்லை.

புலி, குரங்கு, பறவை, தேனீ

1942 போராட்ட காலத்தில் குமரப்பா மறுபடியும் கைதானார். ஜபல்பூர் சிறையில் உடம்பு கெட்டது. ஆனால் அங்கேதான் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. இன்னொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் முன்னுரை எழுதியவர் காந்தியடிகள். ஒரே சிறையில், ஒரே கையால், வேதமும் பொருளாதாரமும் எழுதப்பட்டன. அவருக்கு இரண்டும் வேறு வேறு பாடம் இல்லை.

மனிதர்கள் பிழைக்கும் வழியை அவர் இயற்கையில் இருந்தே ஐந்து படியாகப் பிரித்தார். புலி கொன்று தின்கிறது. குரங்கு தான் நட்டு வளர்க்காத மரத்தில் பழத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. பறவை தன் உழைப்பில் தன் கூட்டைக் கட்டுகிறது. தேனீ தனக்காக அல்ல, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவை கைம்மாறு எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. புலியில் இருந்து தாய்ப்பறவை வரை ஏறிப் போவதுதான் மனித நாகரிகம். எத்தனை மாடி கட்டினோம் என்பது நாகரிகத்தின் அளவு இல்லை.

பெட்ரோல், நிலக்கரி போன்றவை தேங்கி நிற்கிற செல்வம், எடுக்க எடுக்கக் குறையும், அதற்காகவே யுத்தம் வரும் என்றார். காடு, பயிர் போன்றவை ஓடி வருகிற செல்வம், பார்த்துப் பயன்படுத்தினால் தீராது என்றார். இன்றைக்குச் சுற்றுச்சூழல் என்று உலகமே பேசுவதை அவர் 1940களிலேயே சிறையில் உட்கார்ந்து எழுதிவிட்டார். மீன் குஞ்சையும் வாரிவிடுகிற சின்னக் கண்ணி வலை போட்டால் ஏரியில் என்ன ஆகும் என்று எங்க பெரியவங்களுக்கும் தெரியும். அவங்க சொன்னதும் இதே பொருளாதாரம்தான், பேர் மட்டும் தெரியாது.

கடைசிக் காலம்

சுதந்திரம் வந்தது. காங்கிரஸ் விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். 1949இல் அறிக்கை கொடுத்தார். இடைத்தரகர்கள் ஒழிய வேண்டும், உழுகிறவனுக்கே நிலம் சேர வேண்டும் என்பது அதன் சாரம். பதவியில் இருந்தவர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. கிராமத்தை மறந்த திட்டங்களை அவர் முகத்துக்கு நேராகவே கண்டித்தார். அதனாலேயே தனித்து விடப்பட்டார்.

உடல்நலம் குன்றிய பிறகு மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். அவர் குடிலில் ஒரு ஏழைக் கிராமத்தானின் படம் இருந்ததாம். வந்தவர்களிடம், என் குரு காந்தி, அந்தக் குருவுக்கும் குரு இவர் என்று அதைக் காட்டுவாராம். 1960 ஜனவரி 30ஆம் நாள் சென்னையில் காலமானார். காந்தியடிகள் மறைந்ததும் ஒரு ஜனவரி 30தான். சேர்த்து வைத்த சொத்து எதுவும் இல்லை. லண்டனில் படித்த ஆடிட்டரின் சொந்தக் கணக்கு இப்படித்தான் முடிந்தது.

நண்பர்களே! இன்னும் சில நாளில் நாம் பட்டயம் வாங்கிக்கொண்டு வெளியே போவோம். எஸ்டிமேட் போடுவோம், சாமான் வாங்குவோம், ஆள் வைத்து வேலை வாங்குவோம். எந்த ரேட் மலிவு என்று பார்க்கத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு இன்னொரு கலமும் போட்டுக்கொள்வோம். இந்த மலிவு யார் கூலியைக் குறைத்து வந்தது, யார் தண்ணீரைக் கெடுத்து வந்தது என்று எழுதுவதற்கு. கோயிலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர், மசூதிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் அந்தக் கலத்தை நிரப்பாமல் கூட்டல் போட வேண்டாம். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு நோட்டைப் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். அந்தப் படிப்பை யார் பக்கம் உட்கார்ந்து பயன்படுத்தப் போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் யோசிப்போம்!

வாழ்க குமரப்பா புகழ்! வளர்க மாணவர் ஒற்றுமை!